தமிழ்ச் செய்தி சானல்கள்: எதை, எதற்காகப் பார்க்கலாம்?

கட்சி சானல்களைப் பற்றி முதலில் ஒரு நல்ல வார்த்தை சொல்லிவிடலாம். அவை வேஷம் போடுவதில்லை. அதிமுக பக்கத்து நியூஸ் ஜெ-வில், திமுக ஆட்சியின்போது, "விடியா திமுக அரசு" என்று சொல்லித்தான் செய்தியே வாசிப்பார்கள். திமுகவின் கலைஞர் செய்திகளில் மத்திய அரசு என்ற சொல்லுக்கே இடமில்லை, "ஒன்றிய அரசு"தான். பார்க்கிறவருக்கு எவ்வளவு கழித்துக்கொள்ள வேண்டும் என்று தெரியும், கழித்துக்கொண்டே பார்க்கிறார். அந்தக் கட்சியின் பொதுக்கூட்டத்தை முதலிலிருந்து கடைசிவரை வெட்டாமல் பார்க்க இதைவிட வசதியான இடம் கிடையாது. எதிர்க்கட்சியாக இருக்கும்போது கட்சி சானலுக்கு ஒரு கூடுதல் பயனும் உண்டு: தண்ணீர் வராத தெரு, டாக்டர் இல்லாத ஆரம்ப சுகாதார நிலையம் எல்லாம் தேடிப்பிடித்துக் காட்டுவார்கள். ஆட்சிக்கு வந்த மறுநாளே அந்தத் தெருக்கள் திரையிலிருந்து காணாமல் போய்விடும்.

லேபிள் மட்டும் அவ்வப்போது மாறும், அதைப் பார்த்துக்கொள்ள வேண்டும். 1999இல் தொடங்கிய ஜெயா டிவி, 2017இல் அதிமுக பிளந்தபோது சசிகலா குடும்பத்தின் கையில் தங்கிவிட்டது. அதனால்தான் ஆளுங்கட்சியாக இருந்தும் அதிமுக தரப்புக்கு 2018 நவம்பரில் நியூஸ் ஜெ தேவைப்பட்டது. மறுபக்கமும் இதே கதைதான். 2007 மே மாதம் தினகரன் நாளிதழில் கருணாநிதியின் அரசியல் வாரிசு யார் என்ற கருத்துக்கணிப்பு, அதன் மதுரை அலுவலகத்தின் மீது தாக்குதல், 3 பேர் சாவு, அந்த நாளிதழையும் சன் டிவியையும் நடத்தும் மாறன் சகோதரர்களோடு கருணாநிதி குடும்பத்துக்கு முறிவு. செப்டம்பர் 15 அன்று கலைஞர் டிவி வந்துவிட்டது. 2008 டிசம்பரில் குடும்பம் சமாதானமானது. இடைப்பட்ட காலத்தில் "சன் என்றால் திமுக" என்ற பழைய கணக்கோடு உட்கார்ந்தவருக்குக் கணக்கு உதைத்தது.

சிரமம் 'நடுநிலை' என்று எழுதி ஒட்டியிருக்கும் கடைகளில்தான். புதிய தலைமுறை (2011), தந்தி டிவி (2012), நியூஸ் 7 தமிழ் (2014), நியூஸ் 18 தமிழ்நாடு (2016) ஆகியவை இந்த வரிசை. இவற்றால் செய்தியின் தரம் உயர்ந்தது, அதை மறுக்க முடியாது. மாவட்டச் செய்தியாளர் வலை, வெள்ளம் புயல் நேரத்து நேரலை, தேர்தல் முடிவு நாள் வேகம் எல்லாவற்றிலும் கட்சி சானல்கள் இவற்றின் பக்கத்தில்கூட வர முடியாது. ஆனால் சாய்வு இங்கே வார்த்தையில் இருக்காது. எந்தச் செய்தி எத்தனையாவது வருகிறது, எது வராமலே போகிறது என்பதில் இருக்கும். புதிய தலைமுறை உரிமையாளர் குடும்பத்தின் பாரிவேந்தர் பெரம்பலூரில் 2014இல் பாஜக கூட்டணியில் நின்றார், 2019இல் உதயசூரியனில் நின்று வென்றார், 2024இல் மறுபடி பாஜக அணி. சானல் அதே வேகத்தில் அங்குமிங்கும் தாவியது என்று சொல்வது அநியாயம். ஆனாலும் தேர்தல் மாதத்தில் பெரம்பலூர் செய்தியை வேறொரு சானலில் பார்த்துக்கொள்வது நல்லது. சென்னைத் தொலைக்காட்சி வழிவந்த டிடி தமிழ் தனி ரகம். டெல்லியில் யார் இருந்தாலும் முதல் செய்தி பிரதமர்தான், குரல் மட்டும் உயராது.

சரி, எப்படிச் சோதிப்பது? ஒரே நாள், ஒரே செய்தி, மூன்று சானல். யூடியூப் நேரலையில் பின்னுக்கு இழுத்துப் பார்க்கலாம் என்பதால் இப்போது இது சுலபம். இரவு 8 மணிச் செய்தியின் முதல் 10 நிமிடத்தை எடுத்துக்கொண்டு போன் ஸ்டாப்வாட்சில் ஒவ்வொரு தரப்பின் பைட் (அவரே பேசும் துண்டு) எத்தனை விநாடி ஓடுகிறது என்று குறியுங்கள். குற்றம்சாட்டுகிறவருக்கு 40 விநாடி சொந்தக் குரல், பதில் சொல்கிறவருக்கு வாசிப்பாளர் குரலில் ஒரே வரி "மறுப்பு" என்றால் விடை கிடைத்துவிட்டது. அடுத்து வினைச்சொல். ஒருவர் "விளக்கமளித்தார்", இன்னொருவர் "மழுப்பினார்". இவர் "கேள்வி எழுப்பினார்", அவர் "சீண்டினார்". டிக்கரில், அதாவது திரையின் அடியில் ஓடும் பட்டையில், கேள்விக்குறியோடு வரும் வரியை மொத்தமாகத் தள்ளிவிடலாம். ஆதாரம் இருந்திருந்தால் அங்கே முற்றுப்புள்ளி வைத்திருப்பார்கள்.

பொதுக்கூட்டக் காட்சியில் தெரிந்துகொள்ள வேண்டிய ஒன்று உண்டு. பெரிய கூட்டங்களில் மேடைக் கேமராவும் ட்ரோனும் பெரும்பாலும் கட்சியே வைத்தவை. அந்த ஃபீடை (கட்சி அனுப்பும் காட்சியை) வாங்கித்தான் சானல்கள் ஓட்டுகின்றன. மூன்று சானலிலும் ஒரே கோணம், ஒரே நேரத்தில் ஒரே கைதட்டல் வந்தால் அது கட்சி ஃபீட். காலி நாற்காலி அதில் வரவே வராது. சானலின் சொந்தக் கேமரா கூட்டத்துக்குள் நின்று எடுத்த காட்சி கொஞ்சம் ஆடும், யாராவது குறுக்கே போவார்கள். கூட்டம் எவ்வளவு என்று அறிய அதுதான் உதவும்.

இரவு விவாதத்தில் நெறியாளர் முகத்தைப் பார்ப்பதை விட்டுவிட்டுப் பெட்டிகளுக்குக் கீழே இருக்கும் பட்டையைப் படியுங்கள். கட்சிப் பெயர் போட்டவர் எவ்வளவு கத்தினாலும் பிரச்சினை இல்லை. "அரசியல் விமர்சகர்", "மூத்த பத்திரிகையாளர்", "சமூக ஆர்வலர்" என்ற பட்டைதான் தராசில் கட்டைவிரல் வைக்கும் இடம். நாலு பெட்டியில் 2க்கு 2 போலத் தெரியும், விமர்சகர் வாயைத் திறந்ததும் 3க்கு 1 ஆகிவிடும். நெறியாளர் யாரை எத்தனையாவது விநாடியில் இடைமறிக்கிறார், இடைவேளைக்கு முந்தின கடைசி வார்த்தை யாருக்குப் போகிறது, இந்த இரண்டை ஒரு வாரம் எண்ணினாலே போதும்.

காட்சி பொய் சொல்லாது என்று நம்புகிறவர்கள் 2001 ஜூன் 30ஐ நினைத்துப் பார்க்கலாம். மேம்பால வழக்கில் நள்ளிரவு தாண்டி 77 வயது கருணாநிதியைக் கைது செய்தார்கள். சன் டிவி காட்டியது: போலீஸ் பிடித்து இழுக்கும் முதியவர், அவர் அலறல். அது திரும்பத் திரும்ப ஓடியது. பின்னால் ஜெயா டிவி காட்டியது போலீஸ் தரப்புப் பதிவு: முரசொலி மாறனும் டி.ஆர். பாலுவும் போலீசாரோடு தள்ளுமுள்ளு. இரண்டும் அன்றிரவு உண்மையில் நடந்தவை. இரண்டிலும் வெட்டு எங்கே விழுந்தது என்பதுதான் அரசியல். முதலாவது தள்ளுமுள்ளுவை விட்டது, இரண்டாவது இழுத்துப்போன விதத்தை விட்டது. ஆளுநர் பாத்திமா பீவி பதவி விலகும் அளவுக்கு விவகாரம் போனது. இன்றும் 20 விநாடி வீடியோ வந்தால் கேட்க வேண்டியது அதே கேள்விதான்: இதற்கு முந்தின நிமிடம் எங்கே? முழு நீளத்தை யாராவது போட்டிருக்கிறார்களா என்று தேடிவிட்டு ஃபார்வர்ட் செய்யலாம்.

இத்தனையும் பார்த்த பிறகு, நடுநிலை சானல் ஏன் சில நாள் திடீரென்று அடங்கிப்போகிறது என்று புரிய கேபிள் பெட்டிக்குப் போக வேண்டும். அரசு கேபிள் டிவி கழகம் 2007இல் திமுக ஆட்சியில், சன் குழுமத்தின் சுமங்கலி கேபிளுக்குப் போட்டியாக உருவானது. 2011இல் ஜெயலலிதா அதை உயிர்ப்பித்து மாதம் 70 ரூபாய்க்குக் கொடுத்தார், கிராமம்வரை போனது. ஒளிபரப்பும் அரசு, விமர்சிக்கப்படுவதும் அரசு. கோவை வட்டமேசை விவாதத்துக்காக 2018இல் புதிய தலைமுறை மீது வழக்குப் போட்டபோது அரசு கேபிளில் அதன் இடம் பின்னுக்குத் தள்ளப்பட்டது. அப்போது அதிமுக ஆட்சி. 2025 அக்டோபரில், கரூர் நெரிசலுக்குப் பிறகு, அதே சானல் அரசு கேபிளில் தெரியவில்லை என்று கண்டனங்கள் எழுந்தன. அப்போது திமுக ஆட்சி. விளம்பரமும் இப்படித்தான், அரசு விளம்பரம் நின்றால் மாதச் சம்பளத்தில் தெரியும்.

யூடியூப் பக்கம் ஒரு எச்சரிக்கை. டிவியில் நிதானமாக வாசித்த அதே செய்திக்கு அங்கே தம்ப்நெயில் எழுதுகிறவர் வேறு ஆள். "கதறல்", "அதிர்ச்சி", சிவப்பு அம்புக்குறி எல்லாம் அவர் உபயம். சானலை மதிப்பிட வேண்டுமானால் தலைப்பை வைத்து மதிப்பிடாதீர்கள், உள்ளே போய்க் கேளுங்கள்.

தப்பாகப் போட்ட செய்திமேல் புகார் கொடுக்கலாம், பலர் அதைச் செய்வதே இல்லை. தேதி, நேரம், நிகழ்ச்சிப் பெயர், எந்த வாக்கியம் தவறு, சரி எது என்பதற்கான ஆவணம் ஆகியவற்றோடு சானலின் குறைதீர் அலுவலருக்கு எழுத வேண்டும். "ஒருதலைப்பட்சம்" என்று மட்டும் எழுதினால் குப்பைக்குத்தான் போகும். 2021 கேபிள் விதிகளின்படி 24 மணி நேரத்தில் ஒப்புகை, 15 நாளில் பதில். திருப்தி இல்லையென்றால் அடுத்த 15 நாளுக்குள் அந்த சானல் உறுப்பினராக இருக்கும் சுய ஒழுங்கு அமைப்புக்குப் போகலாம், அவர்களுக்கு 60 நாள். பெரிய அபராதம் எதிர்பார்க்க வேண்டாம். செய்தி ஒளிபரப்பாளர் அமைப்பின் உச்ச அபராதம் 2023இல் 1 லட்சம் ரூபாய்தான், அது போதாது என்று அந்த ஆகஸ்டில் உச்ச நீதிமன்றமே சொன்னது. திருத்தமும் வருத்தமும் கேட்டால் கிடைக்க வாய்ப்பு உண்டு. சானலே பெட்டியில் காணவில்லை என்றால் இந்த வழி உதவாது. சானல் நிறுவனம்தான் டெல்லியில் தொலைத்தொடர்புத் தகராறு தீர்ப்பாயத்துக்குப் போக வேண்டும். பார்க்கிறவர் அதுவரை போனில் பார்த்துக்கொள்ளலாம்.