கோவையில் மெஸ்கல் சுவைத்த மாலை

அவிநாசி சாலையிலுள்ள நட்சத்திர விடுதியொன்றின் மதுக்கூடத்தில், நம் தோட்டத்து வேலிகளில் நிற்கும் ஆனைக்கற்றாழையின் இனத்தைச் சேர்ந்த செடியிலிருந்து வடிக்கப்படும் மெக்சிகோவின் மெஸ்கலை அண்மையில் அருந்தினேன்.

ஒஹாக்கா மாநிலத்தில், ஆண்டுக்கணக்கில் வளர்ந்த கற்றாழையின் இலைகளைச் சீவியெறிந்து, நடுக்கிழங்கை மட்டும் சூடேறிய கற்கள் நிரம்பிய மண்குழியில் மூடி நாட்கணக்கில் வேகவைத்த பின்னரே நசுக்கிப் புளிக்கவிட்டு வடிக்கிறார்கள். அதனால் முதல் மிடறிலேயே புகைமணம் எழுகிறது. கருப்பட்டிப் பாகு அடிப்பிடித்தது போன்ற அந்த மணம் எனக்கு மிகவும் பிடித்திருந்தது. 'மெஸ்கல்' என்னும் பெயரே பழைய மெக்சிகோவின் அஸ்டெக் மக்கள் பேசிய நாவாட்டில் மொழியில் 'வெந்த கற்றாழை' என்று பொருள்படும்.

மாயாவெல் என்ற பெண்தெய்வத்தைக் கெட்சல்கோவாட்டில் என்னும் கடவுள் விண்ணிலிருந்து அழைத்துவர, சினந்து துரத்திய அவளுடைய பாட்டி அவளைத் துண்டாடச் செய்தாள் என்றும், புதைத்த எலும்புகளிலிருந்தே முதல் கற்றாழை முளைத்தது என்றும் அஸ்டெக் மக்களின் கதை கூறுகிறது. கற்றாழைச் சாற்றை வடிக்காமல் புளிக்கவைக்கும் புல்கேதான் அவர்கள் காலத்துப் பானம். நம் கள்ளுக்கு உறவென்றே சொல்லலாம்.

பரிமாறியவரோ, புட்டிக்குள் புழுவிடுவது பழங்கால வழக்கமென்று விளக்கினார். அது 20ஆம் நூற்றாண்டின் விற்பனை உத்தி. எலுமிச்சையும் உப்பும் கொடுத்து ஒரே மடக்கில் விழுங்கச் சொன்னதும் பிழையே. ஆரஞ்சுத் துண்டோடு சிறுகச் சிறுகப் பருகுவதே ஒஹாக்கா முறை. பானத்துக்காக மீண்டும் செல்வேன், விளக்கத்துக்காக அல்ல.