ஒரு வாரமா, மூன்று மாதமா, திரையிலா? ஐரோப்பியப் பள்ளிப் பரிமாற்றங்களில் எது தேறும்?

மகள் எட்டாம் வகுப்பில் இருந்தபோது ஒரே மாதத்தில் அவளுடைய புத்தகப் பைக்குள்ளிருந்து இரண்டு கடிதங்கள் வெளியே வந்தன. ஒன்று பிரெஞ்சு ஆசிரியை அனுப்பியது. பத்து நாள் பிரான்சில் ஒரு வீட்டில் தங்க வேண்டும், பிறகு அந்த வீட்டுப் பிள்ளை வந்து பத்து நாள் நம் வீட்டில் தங்கும். மற்றது ஐரோப்பிய ஒன்றியத்தின் எராஸ்முஸ் பரிமாற்றத் திட்டத்தின் கடிதம். ஆறு நாள் போர்த்துக்கல், தங்குவது இளைஞர் விடுதியில், பெற்றோர் கொடுக்க வேண்டியது கைச்செலவுக் காசு மட்டும். இரண்டுக்கும் ஜேர்மன் மொழியில் ஒரே பெயர்: ‘அவுஸ்டவுஷ்’, அதாவது பரிமாற்றம். ஸ்டுட்கார்ட் பக்கம் இருக்கும் எங்கள் தமிழ்ப் பெற்றோரும் அப்படியேதான் சொல்கிறோம். “பிள்ளை அவுஸ்டவுஷுக்குப் போயிட்டான்” என்றால் எந்த அவுஸ்டவுஷ் என்று யாரும் கேட்பதில்லை. கேட்க வேண்டும். பெயர்தான் ஒன்று, சரக்கு வேறு வேறு.

அந்த வருடத்திலிருந்து எங்கள் வீட்டிலும் அக்கம்பக்கத்திலும் நடந்ததை வைத்து எழுதுகிறேன். எனக்கு ஒரு சார்பு உண்டு, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிள்ளை போய்ப் பார்த்துவிட்டு வருவது பாதிதான். வேற்று நாட்டுப் பிள்ளை ஒன்று நம் குளியலறை வாசலில் நின்று, எந்தத் துவாய் தனக்கு என்று கேட்பதில்தான் மற்றப் பாதி இருக்கிறது.

முதலில் பழைய முறை. போர் முடிந்து ஐந்தே ஆண்டில், 1950இல், எங்களுக்குப் பக்கத்து நகரமான லுட்விக்ஸ்பேர்க்கும் பிரான்சின் மொன்பெலியாரும் இணை நகரங்களாயின. இரண்டு நாடுகளுக்கும் இடையில் அதுதான் முதல் இணைப்பு. 1963 ஜனவரி 22இல் ஜேர்மன் சான்சலர் அடனவரும் பிரெஞ்சு ஜனாதிபதி டு கோலும் எலிசே நட்புறவு உடன்படிக்கையில் கையெழுத்திட்டார்கள். அதே ஆண்டு ஜூலையில் பிரெஞ்சு-ஜேர்மன் இளைஞர் அலுவலகம் பிறந்தது. இதுவரை 90 லட்சத்துக்கும் அதிகமான இளையோர் அதன் வழியாகப் போய் வந்திருக்கிறார்கள். அலுவலகம் பயணத்தை நடத்துவதில்லை. தூரத்தையும் நாட்களையும் பார்த்து ஒரு பங்கு பணம் தரும், அவ்வளவுதான். மீதியைப் பெற்றோர் போட வேண்டும், அல்லது பள்ளிக்கூட விழாவில் கேக் விற்றுச் சேர்க்க வேண்டும். நான் கூட அதற்காக ரவைக் கேக் செய்து கொடுத்திருக்கிறேன். நன்றாகத்தான் போனது.

பிள்ளைகளைச் சோடி சேர்ப்பது ஆசிரியர்களின் வேலை. ஒரு படிவம் வரும். வீட்டில் நாய் உண்டா, பூனை உண்டா, யாராவது புகைப்பார்களா, எந்தச் சாப்பாடு ஒத்துக்கொள்ளாது, என்ன விளையாட்டு பிடிக்கும். எங்கள் வீட்டில் தனி அறை இல்லை என்று மனைவி தயங்கினாள். தனி அறை வேண்டாம், தனிக் கட்டில் இருந்தால் போதும் என்று ஆசிரியை சொன்னார். மாமா வீட்டிலிருந்து மடிக்கும் கட்டில் ஒன்று வந்தது.

வந்த பெண்ணுக்குப் பதின்மூன்று வயது. மற்ற வீடுகளில் இறங்கிய பிரெஞ்சுப் பிள்ளைகளுக்கு முதல் அதிர்ச்சி மாலை ஆறு மணிக்கே காத்திருந்தது. ஜேர்மன் இரவுச் சாப்பாடு ‘அபென்ட்ப்ரோட்’, அதாவது பாண், சீஸ், சில துண்டு இறைச்சி, ஊறவைத்த வெள்ளரிக்காய். எல்லாம் குளிர்ந்தபடிதான். அந்தப் பிள்ளைகள் இது முன்சாப்பாடு என்று நினைத்துக்கொண்டு, எட்டு மணிக்குச் சூடாக ஏதாவது வரும் என்று பசியோடு இருந்திருக்கிறார்கள். எங்கள் வீட்டில் அந்தப் பிரச்சினை வரவில்லை. நாங்கள் சாப்பிடுவது எட்டரைக்கு, அதுவும் சுடச்சுட. புட்டும் மீன் குழம்பும் சம்பலும் வைத்தோம். சம்பலை ஒரு விரலால் தொட்டுப் பார்த்துவிட்டுத் தண்ணீர் கேட்டாள். ஆனால் புட்டை இரண்டாம் முறை கேட்டு வாங்கினாள். அதற்குப் பிறகு அவள் கேட்டதுதான் விஷயம். சாமித் தட்டில் இருக்கிற விளக்கை ஏன் வெள்ளிக்கிழமை மட்டும் கொளுத்துகிறீர்கள்? மகளுக்குப் பதில் தெரியவில்லை. பதின்மூன்று வருடமாகப் பார்த்த விளக்கு. சமையலறைக்கு வந்து மெதுவாகத் தாயிடம் கேட்டாள், பிறகு தன் அரைகுறைப் பிரெஞ்சில் போய் விளக்கினாள். ஆறு நாள் விடுதியில் இருந்திருந்தால் இந்தக் கேள்வி எங்கள் வீட்டுக்கு வந்திருக்காது.

வகுப்பறையிலும் அப்படித்தான். கணக்குப் பரீட்சைத் தாளைத் திருப்பிக் கொடுத்த நாளில், பக்கத்து மாணவனுக்கு 2 கிடைத்தது. அவன் சிரித்துக்கொண்டிருந்தான். இந்தப் பெண் பரிதாபமாகப் பார்த்தாள், ஏனென்றால் அவளுடைய நாட்டில் மதிப்பெண் இருபதுக்கு. ஜேர்மனியில் 1 தான் உச்சம், 6 அடிமட்டம். போலந்துக்குப் போனால் எல்லாம் தலைகீழ், அங்கே 6 வாங்கினால்தான் கெட்டிக்காரன். கை உயர்த்திப் பேசுவதற்கும் இங்கே மதிப்பெண் உண்டு என்பது அவளுக்கு இன்னும் பெரிய வியப்பு. மகள் அங்கே போனபோது கண்டது மறுபக்கம். பள்ளி மாலை ஐந்து மணி வரை, நடுவில் உணவுக்கூடத்தில் ஒன்றன்பின் ஒன்றாக முறையாக வரும் மதியச் சாப்பாடு, அனுமதி இல்லாமல் வெளியே போக முடியாத இரும்புக் கேட், ஆனால் புதன் மதியத்துக்குப் பிறகு விடுதலை.

குறைகளும் உண்டு. சோடி பொருந்தாவிட்டால் பத்து நாளும் நரகம். ஒரு பையன் முதல் இரவிலிருந்து அறையை விட்டு வெளியே வராமல் கைபேசியோடு கிடந்த கதை எங்கள் வகுப்பிலேயே நடந்தது. எல்லாரும் சேரும் நாட்களில் ஜேர்மன் பிள்ளைகள் ஒரு மூலை, பிரெஞ்சுப் பிள்ளைகள் மறு மூலை. அதோடு, இங்கே பிரெஞ்சு படிக்கும் பிள்ளைகள் குறைந்து வருகிறார்கள். வகுப்பே இல்லையென்றால் பரிமாற்றம் எங்கிருந்து வரும்?

போலந்தோடு நடக்கும் பரிமாற்றம் இந்த மொழிச் சிக்கலை வேறு விதமாகக் கையாள்கிறது. 1991 உடன்படிக்கைக்குப் பிறகு உருவான ஜேர்மன்-போலந்து இளைஞர் அலுவலகத்துக்கு பொட்ஸ்டாமிலும் வார்சாவிலும் இருப்பிடம். இங்கே போலிஷ் படிக்கும் பள்ளிகள் மிகக் குறைவு. அதனால் விளையாட்டு, சைகை, பாட்டு என்று மொழியைத் துண்டு துண்டாக ஊட்டுகிறார்கள். வீட்டில் தங்காமல் மூன்றாம் இடத்தில் சந்திப்பதும் உண்டு. அதில் பெயர் போனது போலந்தின் கிஷிஷோவா. 1989 நவம்பரில் மேற்கு ஜேர்மன் சான்சலர் ஹெல்முட் கோலும் போலந்துப் பிரதமர் மசோவியெட்ஸ்கியும் நல்லிணக்கப் பூசையில் கலந்துகொண்ட அந்தப் பண்ணையில்தான் இப்போது இளையோர் சந்திப்பு இல்லம் இருக்கிறது. வரலாறு படிக்க அதைவிட நல்ல இடம் கிடைக்காது. பக்கத்து வீட்டுப் பழக்கம் படிக்க அது போதாது.

சரி, எராஸ்முஸ். 1987இல் 11 நாடுகளின் பல்கலைக்கழக மாணவர்களுக்காகத் தொடங்கியது, இப்போது பள்ளிப் பிள்ளைகளுக்கும் வந்துவிட்டது. 2021 முதல் 2027 வரை ஏறக்குறைய 2,600 கோடி யூரோ. குழுவாகப் போனால் 2 நாளிலிருந்து 30 நாள் வரை. பணம் என்று பார்த்தால் பழைய முறை இதன் பக்கத்தில் நிற்கவே முடியாது. பயணத்துக்கு, தங்குவதற்கு, ரயிலில் போனால் கூடுதலாக, வசதி குறைந்த பிள்ளைகளுக்குத் தனியாக என்று எல்லாவற்றுக்கும் கணக்கு உண்டு. இரு நாட்டு இளைஞர் அலுவலகம் இல்லாத ஸ்லொவேனியா, லத்வியா, போர்த்துக்கல் எல்லாம் இதனால்தான் பிள்ளைகளுக்கு எட்டுகின்றன. தாயும் தகப்பனும் மாறி மாறி வேலைக்குப் போகும், இரண்டு அறையில் ஐந்து பேர் இருக்கும் வீட்டுப் பிள்ளைக்கு, யாரையும் வீட்டுக்கு அழைக்காமல் வெளிநாடு போய் வர இதுதான் வழி. அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன்.

ஆனால் உள்ளே என்ன நடக்கிறது? ஒரு தலைப்பு வேண்டும். நிலைத்த வளர்ச்சி, போலிச் செய்தி, பிளாஸ்டிக் கழிவு, இப்படி ஏதாவது. மூன்று நாட்டுப் பிள்ளைகளைக் கலந்து குழுவாக்கி, சுவரொட்டி ஒட்டி, ஆங்கிலத்தில் பேச வைப்பார்கள். கடைசி நாள் ‘கலாசார மாலை’. ஒவ்வொரு நாடும் ஒரு மேசை. ஜேர்மனி மேசையில் பிரெட்ஸல், போர்த்துக்கல் மேசையில் முட்டைக்கரு இனிப்பு. பழைய சோடியில் அரைகுறையாகவாவது பிரெஞ்சு பேச வேண்டியிருந்தது, இங்கே எல்லாருக்கும் ஆங்கிலம் போதும். நண்பரின் மகன் போய்விட்டு வரும்போது மணிக்கட்டுப் பட்டியும் சான்றிதழும் புதிய வாட்ஸப் குழு ஒன்றும் கொண்டு வந்தான். போர்த்துக்கல்காரர் எத்தனை மணிக்குச் சாப்பிடுவார்கள் என்று கேட்டேன். விடுதியில் ஏழு மணிக்குப் போட்டார்கள் என்றான். பரவாயில்லை, நல்ல பயணம்தான். வந்து போனவர்களைத் திருப்பி வீட்டுக்கு அழைக்கும் கட்டாயம் இதில் இல்லை, என் குறை அது ஒன்றுதான். ஆசிரியர் மனம் வைத்து வீடுகளில் தங்க வைத்தால் இந்தக் குறையும் போய்விடும். திட்டத்தில் அதற்குத் தடை எதுவும் இல்லை.

நீண்ட நாள் தங்கல் வேறு ஜாதி. பிரிஷித் சொசே திட்டத்தில் பிள்ளை இரண்டு மூன்று மாதம் அங்கே, அதன் சோடி அதே அளவு இங்கே. பிரெஞ்சு ஜனாதிபதிகளுக்கு மொழிபெயர்ப்பாளராக இருந்து, பிறகு ஜேர்மன் சான்சலர் ஷ்ரோடருக்கு ஆலோசகராக இருந்த பெண்மணியின் பெயர் அது. சோடியைப் பள்ளியின் தொடர்பு வழியாகவோ இளைஞர் அலுவலகத்தின் விளம்பரப் பக்கத்திலோ பிள்ளையே தேடிக்கொள்ளலாம். இதற்கு அடுத்த படி வோல்தேர் திட்டம். 2000இலிருந்து நடப்பது, ஆறு மாதம் அங்கே, ஆறு மாதம் இங்கே. தனியார் நிறுவனங்கள் ஒரு வருட வெளிநாட்டுப் படிப்புக்கு ஆயிரக்கணக்கில் யூரோ வாங்கும்போது, இதில் பிள்ளைக்குப் பிள்ளை மாற்று என்பதால் சாப்பாட்டுக்கும் தங்கலுக்கும் காசில்லை. பயணத்துக்கும் சிறு உதவி உண்டு.

மூன்றாம் மாடித் தமிழ்க் குடும்பத்துப் பையன் இதில் போனான். இரண்டாம் வாரம் ஒவ்வொரு இரவும் அழைத்து, வந்துவிடுகிறேன் என்றான். தாய் அழுதாள், தகப்பன் “இன்னும் ஒரு கிழமை பார்” என்று ஒவ்வொரு கிழமையும் சொன்னார். ஆறாம் வாரம் அழைப்பே நின்றுபோனது. இப்போது கவலை மாறியது, ஏன் அழைக்கவில்லை என்று. திரும்பி வந்தபோது வாக்கியத்துக்கு வாக்கியம் ‘து கூ’ (பிரெஞ்சுக்காரரின் ‘அதனால’) போட்டுப் பேசினான், பரிஸ் லா ஷப்பேலில் இருக்கும் மச்சான்மாரைப் போலவே. பத்து நாள் பயணத்தில் இந்த இரண்டாம் வாரத்துச் சலிப்பு வரவே வராது. ஆனால் எல்லாப் பிள்ளைக்கும் இது ஆகாது. விட்டுப்போன கணக்குப் பாடத்தை யார் சொல்லித் தருவது என்று அதிபரோடு முன்கூட்டியே பேசி வைக்காவிட்டால், வந்த பிறகு பிள்ளைதான் தவிக்கும்.

இ-ட்வின்னிங் பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம். 2005இல் தொடங்கியது, 2022 முதல் ஐரோப்பியப் பள்ளிக்கல்வித் தளத்தோடு சேர்ந்துவிட்டது. ஆசிரியர்கள் இணையத்தில் கூட்டு வகுப்பு நடத்துவார்கள், செலவு இல்லை. ஆரம்பப் பள்ளிப் பிள்ளைகள் நத்தார் வாழ்த்து அட்டை அனுப்பிக்கொள்வதும், சமையல் குறிப்பு மாற்றிக்கொள்வதும் அழகாகத்தான் இருக்கிறது. போகும் முன் முகம் பழக நல்லது. ஊறுகாயாகத் தொட்டுக்கொள்ளலாம், சோறாக முடியாது.

இங்கிலாந்து? பழைய காதல், இப்போது வழி கடினம். 2021 அக்டோபர் முதல் ஐரோப்பிய ஒன்றிய அடையாள அட்டை அங்கே செல்லாது, கடவுச்சீட்டு வேண்டும் என்றானது. எராஸ்முஸுக்குப் பதிலாக அவர்கள் கொண்டு வந்த டூரிங் திட்டம் வெளியே போகிறவர்களுக்கு மட்டும் பணம் தருகிறது, வருகிறவர்களுக்கு இல்லை. பிரெஞ்சுப் பள்ளிக் குழுக்களுக்கு 2023 டிசம்பர் 28இலிருந்து அந்தக் கடவுச்சீட்டுக் கட்டுப்பாட்டைத் தளர்த்தினார்கள்.

எந்த வகையைத் தேர்ந்தாலும் எங்கள் ஆட்களுக்கு இன்னொரு கேள்வி இருக்கிறது: பிள்ளையின் கையில் என்ன கடவுச்சீட்டு? செல்லுபடியான வதிவிட அட்டையும் கடவுச்சீட்டும் இருந்தால் ஷெங்கன் நாடுகளுக்கு வேறு விசா தேவையில்லை. கடவுச்சீட்டே இல்லாத பிள்ளைக்கும் வழி உண்டு. 1994 நவம்பர் 30இல் ஒன்றியம் எடுத்த முடிவின்படி, பள்ளிக்கூடம் தயாரித்து வெளிநாட்டவர் அலுவலகம் உறுதிப்படுத்திய மாணவர் பட்டியலில், படத்தோடு பெயர் இருந்தால் அதுவே பயணப் பத்திரம். ஜேர்மனியில் இதற்கு ‘ஷூலர்சம்மெல்லிஸ்ட’ என்று பெயர். எங்களுக்குத் தெரிந்த ஒரு பையனுக்கு, விசா சிக்கல் வரும், வேண்டாம் என்று ஒரு பள்ளி சொல்லி, அவனும் வீட்டில் இருந்துவிட்டான். அந்தப் பட்டியலைப் பற்றி அலுவலகத்தில் யாருக்கும் தெரிந்திருக்கவில்லை. பயணத்துக்கு முதல் வாரம் போய்ச் சொல்லிப் பயனில்லை, கடிதம் வந்த அன்றே கேளுங்கள்.

நாங்கள் அந்த வருடம் கையெழுத்திட்டது பிரெஞ்சுக் கடிதத்தில். போர்த்துக்கல் போக முடியவில்லை என்று மகள் இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்திருந்தாள். இப்போது பத்தாம் வகுப்பு. அதே பெண் பிரிஷித் சொசே திட்டத்தில் ஜனவரியில் இரண்டு மாதத்துக்கு வருகிறாள், சம்பலில் மிளகாயைக் குறைக்கச் சொல்லி முன்கூட்டியே செய்தி அனுப்பிவிட்டாள். மாமாவின் மடிக்கும் கட்டில் இரண்டு மாதம் தாங்காது. பழைய மரக் கட்டில் ஒன்று எண்பது யூரோவுக்கு விளம்பரத்தில் பார்த்தேன், சனிக்கிழமை போய்ப் பார்க்க வேண்டும்.