ஃபேர்ஃபாக்ஸ் மிடில் ஸ்கூல்கள்: எந்த எண்ணை நம்பலாம், எதை நம்பக்கூடாது

வர்ஜீனியாவின் ஃபேர்ஃபாக்ஸ் கவுன்ட்டியில் வீடு தேடுகிறவர்கள் முதலில் பார்ப்பது, வீட்டு விளம்பரத்தின் அடியில் இருக்கும் 1 முதல் 10 வரையிலான பள்ளி ரேட்டிங்கைத்தான். எலிமென்டரிக்கு அது ஓரளவு உதவும். மிடில் ஸ்கூல் என்று வரும்போது அதே எண் நன்றாகவே ஏமாற்றும். அதற்குக் காரணம் இந்தக் கவுன்ட்டியின் அமைப்பு.

இங்கே மிடில் ஸ்கூல் என்றால் பெரும்பாலும் 7, 8 என்று இரண்டே வகுப்புகள். கிளாஸ்கோ, ஹோம்ஸ், போ ஆகிய மூன்றில் மட்டும் 6 முதல் 8 வரை இருக்கிறது. ராபின்சன், லேக் பிராடக், ஹேஃபீல்ட் மூன்றும் 7 முதல் 12 வரை ஒரே வளாகத்தில் நடப்பவை. அங்கே பள்ளி முழுமைக்கும் வரும் சராசரியில் ஹைஸ்கூல் பிள்ளைகளின் மதிப்பெண்ணும் கலந்துவிடும். அதை ஒரு 7-8 பள்ளியோடு ஒப்பிடுவதில் அர்த்தமே இல்லை. பக்கத்து லவுடன் கவுன்ட்டியில் மிடில் ஸ்கூல் 6-இலேயே தொடங்குவதால், கவுன்ட்டி தாண்டி ஒப்பிடுவதும் சரிப்படாது.

அடுத்தது ஏ.ஏ.பி. சென்டர், அதாவது படிப்பில் முந்தி நிற்கும் பிள்ளைகளுக்கான மேம்பட்ட வகுப்புகள் (Advanced Academic Programs) நடக்கும் பள்ளி. எலிமென்டரியில் தேர்வான பிள்ளைகள், தங்கள் பகுதிப் பள்ளியில் அந்த வகுப்பு இல்லையென்றால் சென்டராக இருக்கும் வேறு பள்ளிக்குப் போகலாம். ஆக, சென்டர் பள்ளியின் சராசரி கொஞ்சம் இறக்குமதி செய்யப்பட்ட சராசரி. பிள்ளைகளை அனுப்பிவைத்த பள்ளியின் சராசரி அதே அளவுக்குக் குறைந்து தெரியும். பாடம் நடத்தும் தரத்துக்கும் இந்த வித்தியாசத்துக்கும் சம்பந்தம் இருக்க வேண்டியதில்லை. மிடில் ஸ்கூலில் ஹானர்ஸ் எனப்படும் உயர்நிலை வகுப்புகளுக்கு ஏ.ஏ.பி. தகுதி தேவையில்லை, விரும்புகிறவர்கள் சேரலாம். சென்டர் கிடைக்கவில்லையே என்று வீடு மாற்றுகிறவர்கள் இதை யோசித்துப் பார்ப்பது நல்லது.

ஒவ்வொரு பள்ளியின் தேர்வு முடிவுகளையும் தரும், மாநில அரசின் ஸ்கூல் குவாலிட்டி புரொஃபைல்ஸ் தளம்தான் உருப்படியான கருவி. ஆனால் அதைப் படிக்கத் தெரியாவிட்டால் ரேட்டிங்கைவிட மோசமாகக் குழப்பும், முக்கியமாகக் கணக்குப் பாடத்தில். மாநிலம் நடத்தும் எஸ்.ஓ.எல். (Standards of Learning) கணக்குத் தேர்வு, பிள்ளை படிக்கும் வகுப்பைப் பொறுத்தது அல்ல, எடுத்திருக்கும் பாடத்தைப் பொறுத்தது. 7-இல் கணக்கு ஹானர்ஸ் எடுக்கும் பிள்ளை 8-ஆம் வகுப்புத் தேர்வையே எழுதிவிடும். ஆல்ஜீப்ரா 1 எடுத்த 8-ஆம் வகுப்புப் பிள்ளை அந்தத் தேர்வின் பக்கமே வராது, ஆல்ஜீப்ரா தேர்வுதான் எழுதும். ஆகவே '8-ஆம் வகுப்புக் கணக்கு' என்ற வரியில் இருப்பது இரண்டு கூட்டம்: ஒரு வருடம் முந்தி ஓடும் 7-ஆம் வகுப்புக்காரர்கள், ஆல்ஜீப்ராவை இன்னும் தொடாத 8-ஆம் வகுப்புக்காரர்கள். இந்தக் கலவை பள்ளிக்குப் பள்ளி மாறும். இரண்டு பள்ளிகளை இந்த ஒரு வரியை வைத்து ஒப்பிட்டால், நல்ல பள்ளியே மட்டமாகத் தெரியவும் கூடும்.

இதற்கு மாற்றாகச் செய்ய வேண்டியது இது. 8-ஆம் வகுப்பின் மொத்த எண்ணிக்கையை எடுத்துக்கொண்டு, அதில் எத்தனை பேர் ஆல்ஜீப்ரா 1, எத்தனை பேர் ஜியாமெட்ரி படிக்கிறார்கள் என்று பள்ளியின் கவுன்சலரிடமே கேளுங்கள். 7-இலேயே ஆல்ஜீப்ரா எடுக்கும் பிரிவு ஒன்றா, மூன்றா என்பதையும் கேளுங்கள். ஒன்றே ஒன்று என்றால் உங்கள் பிள்ளையின் மொத்த டைம்டேபிளும் அந்த ஒரு பீரியடைச் சுற்றித்தான் அமையும். பிறகு ரீடிங் முடிவுகளில் பொருளாதாரத்தில் பின்தங்கியவர்கள், ஆங்கிலம் கற்பவர்கள் என்று குழுவாரியாகப் பிரித்துப் பாருங்கள். வசதியான வீட்டுப் பிள்ளைகள் எந்தப் பள்ளியிலும் தேறிவிடுவார்கள்; பள்ளியின் உழைப்பு தெரிவது இந்த வரிகளில்தான். மிகச் சிறிய குழுக்களின் எண்ணை மாநிலம் மறைத்துவிடும், காலியாக இருந்தால் பூஜ்யம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். 2020 வசந்தத்தில் தேர்வே நடக்கவில்லை, 2021-இல் எழுதியவர்கள் குறைவு. போக்கைப் பார்க்க 2022-க்குப் பிந்தைய வருடங்களே போதும்.

பிள்ளைகளைத் தேர்ந்தெடுத்துச் சேர்க்கும் அறிவியல்-தொழில்நுட்பப் பள்ளியான தாமஸ் ஜெஃபர்சன் (டிஜே) ஹைஸ்கூலைக் குறிவைக்கும் பெற்றோர் பலர் இன்னும் பழைய கணக்கிலேயே இருக்கிறார்கள். கார்சன், லாங்ஃபெல்லோ போன்ற ஒரு சில பள்ளிகளிலிருந்தே பெரும்பகுதி இடங்கள் நிரம்பிய காலம் அது. 2020 அக்டோபரில் பள்ளி வாரியம் நுழைவுத் தேர்வை எடுத்துவிட்டது; டிசம்பரில், ஒவ்வொரு பொது மிடில் ஸ்கூலின் 8-ஆம் வகுப்பிலும் 1.5 சதவீத அளவுக்கு இடம் ஒதுக்கியது. வழக்கு நடந்தது, 2024 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் மேல்முறையீட்டை ஏற்க மறுத்ததால் புதிய முறை நிலைத்தது. 8-ஆம் வகுப்பில் 400 பேர் என்றால் அந்தப் பள்ளிக்கு உறுதியானது 6 இடம். மீதமுள்ள பொது இடங்களுக்கு இந்தக் கவுன்ட்டி மட்டுமல்ல, டிஜே-யில் பங்கேற்கும் அக்கம்பக்கப் பகுதிகளின் பிள்ளைகளும் போட்டி. போட்டி மிகுந்த பள்ளிக்கு வலியப் போய்ச் சேர்வதால் டிஜே வாய்ப்பு கூடும் என்ற நம்பிக்கைக்கு இப்போது அடிப்படையில்லை.

நாள்தோறும் பிள்ளையைத் தொடும் விஷயம் எலெக்டிவ், அதாவது விருப்பப் பாடம். மொத்தம் ஏழு பாடம். ஆங்கிலம், கணக்கு, அறிவியல், சமூக அறிவியல், உடற்கல்வி போக மீதி இரண்டு. பேண்ட் ஒன்று, ஸ்பானிஷ் ஒன்று என்று எடுத்தால் அவ்வளவுதான், எஞ்சினியரிங்குக்கோ கோடிங்குக்கோ இடமில்லை. மொழிகளின் பட்டியல் பள்ளிக்குப் பள்ளி வேறு என்பதால் அந்த ஆண்டின் பாடப் பட்டியலைப் பார்த்தே முடிவு செய்யுங்கள். ஆல்ஜீப்ரா, மொழி முதல் நிலை போன்ற ஹைஸ்கூல் கிரெடிட் பாடங்களில் கிரேடு சறுக்கினால், அதை டிரான்ஸ்கிரிப்டிலிருந்து (ஹைஸ்கூல் மதிப்பெண் பதிவு) நீக்கச் சொல்லிக் கேட்கும் உரிமை வர்ஜீனியாவில் பெற்றோருக்கு உண்டு. அதற்குக் கெடு இருக்கிறது, கவுன்சலரிடம் உடனே கேட்டுவிடுங்கள்.

பெரும்பாலான பள்ளிகள் காலை 7.30 வாக்கிலேயே தொடங்கிவிடும். பஸ் ஸ்டாப்பில் இருட்டோடு நிற்க வேண்டியிருக்கும். உங்கள் நிறுத்தத்துக்கு எத்தனை மணி என்பதைப் பார்க்காமல் தூரத்துச் சென்டரைத் தேர்ந்தெடுக்காதீர்கள்.

வீட்டு விளம்பரத்தில் போட்டிருக்கும் பள்ளிப் பெயரை நம்பிக் கையெழுத்துப் போட வேண்டாம். ஒரே எலிமென்டரியிலிருந்து இரண்டு மிடில் ஸ்கூலுக்குப் பிரிந்து போகும் பகுதிகள் இங்கே உண்டு. கவுன்ட்டியின் எல்லைத் தேடலில் கதவு எண்ணோடு முழு முகவரியையும் போட்டுப் பாருங்கள். 2024-இல் திருத்திய கொள்கைப்படி எல்லைகளை ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை மறுஆய்வு செய்ய வேண்டும். ஆண்டுதோறும் வரும் கட்டடத் திட்ட அறிக்கையில் ஒவ்வொரு பள்ளியின் கொள்ளளவும் வரப்போகும் மாணவர் எண்ணிக்கையும் இருக்கும். 100 சதவீதத்தைத் தாண்டிய பள்ளியாக இருந்தால் டிரெய்லர் வகுப்புகளையும் (வளாகத்தில் வைக்கும் தற்காலிக அறைகள்) எல்லை மாற்றத்தையும் எதிர்பார்த்தே வீடு பாருங்கள்.