கப்பல் ஸ்பாவுக்குக் கொடுக்கும் காசு: எது பெறுமதி, எது வீண்

கனடாவிலும் இலண்டனிலும் இருக்கும் பிள்ளைகள், வன்னியில் இருந்து தங்களைப் பார்க்க வரும் தாய் தகப்பனை உல்லாசக் கப்பலில் ஒரு கிழமை கூட்டிக்கொண்டு போவது கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் இப்போது புதினமான கதை அல்ல. 2023 ஜூனில் சென்னையில் இருந்து புறப்பட்ட எம்பிரஸ் என்ற கப்பல் காங்கேசன்துறைக்கும் வந்து போன பிறகு, அப்படிப்பட்ட கப்பலைப் படத்தில் மட்டும் பார்த்திருந்தவர்களும் அதைப் பற்றி விசாரிக்கத் தொடங்கினார்கள். பயணச்சீட்டில் அறையும் சாப்பாடும் அடங்கிவிடும், மசாஜும் நீராவிக் குளியலும் தரும் ஸ்பா அடங்காது. ஆகவே முற்பதிவு செய்யும் பிள்ளைக்கு ஒரு கேள்வி கட்டாயம் எழும்: அம்மாவுக்கு நாரி நோகிறது, அப்பாவுக்கு முழங்கால் பிடிக்கிறது, இவர்களுக்கு அங்கே ஒரு மசாஜ் எடுத்துக் கொடுப்பதா, அந்தக் காசை வேறு வழியில் செலவழிப்பதா?

இதற்கு விடை காண விலையை மட்டும் பார்த்தால் போதாது. கொடுக்கும் காசில் கப்பலில் மட்டுமே கிடைக்கக்கூடிய பங்கு எவ்வளவு, கரையிலும் வீட்டிலும் அதேயளவு நன்றாகவோ இன்னும் நன்றாகவோ கிடைக்கக்கூடிய பங்கு எவ்வளவு என்று பிரித்துப் பார்க்க வேண்டும் என்பதே என் நிலைப்பாடு. அப்படிப் பார்த்தால், மிக அதிகமாக விளம்பரப்படுத்தப்படும் மசாஜ் முதலிடத்துக்கு வராது.

பரந்தனில் இருக்கும் என் பெரியம்மாவை அவருடைய மகள், எனக்கு அக்கா முறையானவர், இப்படி ஒரு பயணத்துக்குக் கூட்டிப் போனார். பெரியம்மா கொண்டுவந்த பற்றுச்சீட்டைப் பார்த்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். ஐம்பது நிமிட மசாஜுக்கு 159 டொலர். அதன் கீழே கேட்காமலே சேர்க்கப்பட்ட 18 வீத சேவைக் கட்டணம் 28.62 டொலர், மொத்தம் 187.62 டொலர். அதற்கும் கீழே, விரும்பினால் மேலதிக அன்பளிப்பு எழுதலாம் என்று இன்னொரு வெற்றுக் கோடு. சேவைக் கட்டணம் ஏற்கெனவே சேர்க்கப்பட்டதைக் கவனிக்காதவர்கள் அந்தக் கோட்டிலும் ஒரு தொகையை எழுதி இரண்டு தடவை கொடுத்துவிடுவார்கள். ஒரு டொலரை 300 ரூபா என்று வைத்துக் கணக்கிட்டால் இது 56,000 ரூபாவைத் தாண்டுகிறது. 2026 ஜனவரியில் 30,000 ரூபாவாக உயர்த்தப்பட்ட தேசிய ஆகக்குறைந்த மாதச் சம்பளத்தின் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு இது. இங்கே ஒரு குடும்பம் கிட்டத்தட்ட இரண்டு மாதம் எதை நம்பிச் சீவிக்கிறதோ, அந்தத் தொகை அங்கே ஐம்பது நிமிடத்தில் முடிகிறது என்பதைப் பிள்ளைகள் மறந்தாலும் பெற்றோர் மறப்பதில்லை. மேசையில் படுத்திருக்கும்போதும் அவர்கள் மனதில் இந்தக் கணக்குத்தான் ஓடும்.

இந்த விலை ஏன் எல்லாக் கப்பலிலும் கிட்டத்தட்ட ஒன்றுபோல இருக்கிறது என்பதற்கு ஒரு காரணம் உண்டு. பெரிய நிறுவனங்களின் கப்பல்களில் பெரும்பாலானவற்றில் ஸ்பாவைக் கப்பல் நிறுவனம் நடத்துவதில்லை. பஹாமாஸைத் தளமாகக் கொண்ட ஒன்ஸ்பாவேர்ல்ட் என்ற ஒரே நிறுவனம் பல கப்பல் நிறுவனங்களுக்கும் அதை நடத்திக் கொடுக்கிறது. வாசலில் தொங்கும் பெயர்ப்பலகை மட்டும் கப்பலுக்குக் கப்பல் வேறாக இருக்கும். வருமானம் இரண்டு பக்கமும் பங்கு போவதால் விலை இறங்க இடமில்லை. வேலை செய்யும் பெண்களின் வருமானமும் பெரும்பாலும் தரகுப் பணத்திலேயே தங்கியிருக்கிறது. அதனால்தான் மசாஜ் முடிந்ததும் அதைச் செய்த பெண் ஒரு துண்டுக் கடதாசியில் எண்ணெய், கடற்பாசி உப்பு, களிம்பு என்று அடையாளமிட்டுக் கையில் தருகிறாள். பிலிப்பைன்ஸிலோ இந்தோனேசியாவிலோ தென்னாபிரிக்காவிலோ இருந்து மாதக் கணக்கில் வீட்டைப் பிரிந்து வந்து உழைக்கும் அவளில் நான் குற்றம் காணவில்லை. வெளிநாட்டில் உழைத்து அனுப்பும் காசின் அருமை வன்னியில் எல்லோருக்கும் தெரியும். ஆனால் ஐம்பது நிமிடம் என்று எழுதப்பட்ட நேரத்தில் உடல்நிலைப் படிவம் பார்ப்பதும் பொருள் விற்பதும் சேர்ந்துவிட்டால், உடம்பில் கை படும் நேரம் குறைந்துவிடுகிறது. ‘பொருள் எதுவும் வேண்டாம், நேரம் முழுவதையும் மசாஜுக்கே எடுத்துக்கொள்ளுங்கள்’ என்று தொடங்கும்போதே பணிவாகச் சொல்லிவிடலாம். அதை யாரும் தவறாக எடுப்பதில்லை.

மசாஜால் பயனே இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. நாரி நோவுக்கு மசாஜ் எவ்வளவு உதவும் என்று ஆராய்ந்து மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் கொக்ரேன் அமைப்பு 2015இல் வெளியிட்ட தொகுப்பாய்வு, குறுகிய காலத்துக்கு வலி குறையக்கூடும் என்றும், அதற்கான சான்றுகள்கூடப் பலமானவை அல்ல என்றும் கூறியது. ஆகவே ஒரு தடவை மசாஜ் எடுத்தால் நாரி நோ மாறிவிடும் என்று நம்பி 187 டொலர் கொடுப்பது பிழையான எதிர்பார்ப்பு. ஒரு பின்னேரம் உடம்பு இளகி நன்றாக நித்திரை வருவதற்கென்று கொடுப்பதானால், அது அவரவர் வசதியைப் பொறுத்தது. அப்படி எடுப்பவர்கள் கப்பல் துறைமுகத்தில் நிற்கும் நாளைத் தெரிவு செய்ய வேண்டும். பயணிகள் கரைக்குப் போய்விடும் அந்த நாட்களில் ஸ்பா வெறுமையாகக் கிடக்கும் என்பதால் கழிவு விலை அறிவிப்பார்கள்; கப்பல் கடலிலேயே ஓடும் நாட்களில் முழு விலைதான்.

இதற்குப் போட்டியாக அதே ஸ்பாவுக்குள்ளேயே இன்னொன்று இருக்கிறது. சவுனா என்ற உலர்சூட்டு அறை, நீராவி அறை, வெந்நீர்த் தொட்டி, உள்ளே இருந்து சூடாக்கப்படும் ஓட்டுக்கல் சாய்மனைகள் எல்லாம் சேர்ந்த வெப்ப அறைத் தொகுதிக்குப் பயணம் முழுவதற்கும் செல்லுபடியாகும் பாஸ் ஒன்றை விற்பார்கள். ஏழு இரவுப் பயணத்துக்கு ஓர் ஆளுக்குப் பெரும்பாலும் 150 முதல் 300 டொலர் வரை வரும். கூட்டம் சேராதபடி குறிப்பிட்ட எண்ணிக்கையில் மட்டுமே விற்பதால், வேண்டுமென்றால் முன்னதாகவே பதிய வேண்டும். 210 டொலருக்கு வாங்கி ஆறு நாள் பயன்படுத்தினால் நாளொன்றுக்கு 35 டொலர்தான் விழுகிறது. விரும்பினால் காலையிலும் மாலையிலும் போகலாம். பொருள் வாங்கச் சொல்லி யாரும் பக்கத்தில் நிற்பதில்லை. முழங்கால் பிடிப்பும் நாரிப் பிடிப்பும் உள்ளவர்களுக்குச் சூடு தரும் இதம் நாங்கள் அறிந்ததுதான். நொச்சியிலையும் ஆமணக்கிலையும் வைத்து ஒற்றடம் கொடுத்து வளர்ந்தவர்களுக்கு அதை யாரும் விளங்கப்படுத்தத் தேவையில்லை. பல கப்பல்களில் அந்தச் சாய்மனைகள் பெரிய கண்ணாடிச் சுவரை நோக்கி இருக்கும். முதுகுக்குக் கீழே சூட்டோடு, எதிரே கடல் நகர்ந்துகொண்டிருப்பதைப் பார்த்தபடி கிடப்பதற்குக் கரையில் மாற்று எதுவும் இல்லை. நான் மேலே சொன்ன அளவுகோலில் இதுதான் முதலில் தேறுகிறது.

எந்தப் பயணத்துக்கும் இது பொருந்தும் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. வன்கூவரில் இருந்து அலாஸ்கா போகும் பயணத்தில் வெளியே குளிர் வாட்டும். எங்கள் பகுதி வெயிலில் வளர்ந்த முதியவர்கள் தளத்தில் கன நேரம் நிற்க மாட்டார்கள். அங்கே இந்தப் பாஸ் நாளாந்தம் பயன்படும். நாளுக்கொரு துறைமுகமாக ஓடும் கரீபியன் பயணத்தில் இரண்டு மூன்று தடவைக்கு மேல் போகக் கிடைக்காது. சில நிறுவனங்கள் இதைத் தனியாக விற்பதும் இல்லை: வைக்கிங் நிறுவனத்தின் கடற் கப்பல்களில் வெப்ப அறைகள் எல்லாப் பயணிகளுக்கும் இலவசம், ஆனால் அதன் அடிப்படைக் கட்டணமே உயர்ந்தது. செலிபிரிட்டி நிறுவனத்தின் கப்பல்களில் அக்வாகிளாஸ் என்ற உயர் வகை அறை எடுத்தவர்களுக்கு அது அறை விலையோடு சேர்ந்துவிடும். வெப்ப அறைக்காக மட்டும் அறையை உயர்த்தி எடுப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

இடையில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். இந்தத் தொகுதியில் பெரும்பாலும் ஆணும் பெண்ணும் ஒன்றாகத்தான் இருப்பார்கள், நீச்சலுடையும் கட்டாயம். எங்கள் அம்மாமார் பலர் இதை வாசலில் கண்டதும் திரும்பிவிடுவார்கள். நீச்சல் துணியில் தைத்த முழுக்கைச் சட்டையும் நீளக் காற்சட்டையும் கொழும்பிலேயே கிடைக்கின்றன. அவற்றை முன்கூட்டி வாங்கி, அம்மா சம்மதிக்கிறாரா என்று கேட்ட பிறகே பாஸ் வாங்க வேண்டும். மசாஜ் என்றால் பெண்தான் செய்ய வேண்டும் என்று பதியும்போதே கேட்கலாம்.

கரையில் எடுக்கும் மசாஜ் விலையில் யாருக்கும் தோற்காது. சிங்கப்பூரில் இருந்து பினாங்கு, புக்கெட் என்று போகும் கப்பல்களில் ஏறுபவர்கள், புக்கெட்டில் ஒரு மணி நேரத் தாய் மசாஜை 300 முதல் 500 பாத் வரை கொடுத்து எடுக்கலாம். அது கப்பல் விலையில் பத்தில் ஒன்றுக்கும் வராது. தாய் மசாஜ் 2019இல் யுனெஸ்கோவின் தொட்டுணர முடியாத பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்க்கப்பட்ட கலை. அது பிறந்த மண்ணிலேயே, அதைப் பழகி வளர்ந்த கையால் அது கிடைக்கிறது. இதில் உள்ள ஆபத்து நேரம்தான். குறித்த நேரத்துக்குள் திரும்பாதவர்களுக்காகக் கப்பல் காத்து நிற்காது. கடலில் நங்கூரமிட்டுச் சிறு படகில் இறக்கும் இடங்களில் வரிசைக்கும் நேரம் போகும். பாங்கொக் என்று பயணத் திட்டத்தில் எழுதியிருந்தாலும் பெரிய கப்பல்கள் கட்டும் துறைமுகம் லெம் சபாங்; அங்கிருந்து நகரத்துக்கு வீதியால் ஏறத்தாழ இரண்டு மணி நேரம். அப்படியான இடத்தில் மசாஜுக்கென்று நகரத்துக்குப் போவது சரிவராது; துறைமுகத்துக்குக் கிட்டவாகக் கிடைப்பதை எடுக்கலாம் அல்லது விட்டுவிடலாம். நடக்கக் கஷ்டப்படும் பெற்றோரோடு போகிறவர்களுக்கு, லிப்டில் ஏறிப் போய் எடுக்கக்கூடிய கப்பல் மசாஜின் வசதியே அதன் விலைக்கு ஒரு நியாயமாக அமைந்துவிடுகிறது. எனக்கு அந்த ஒரு நியாயம்தான் தென்படுகிறது.

உடம்பில் இருந்து நஞ்சை வெளியேற்றும், ஒரே தடவையில் இடுப்பளவைக் குறைக்கும் என்று சொல்லி விற்கப்படும் கடற்பாசிப் பூச்சுகளையும் மின்னோட்டச் சிகிச்சைகளையும் ஒரேயடியாக ஒதுக்கிவிடலாம். நஞ்சை வெளியேற்றும் வேலையை ஈரலும் சிறுநீரகமும் செய்கின்றன. இறுக்கிச் சுற்றி வேர்க்க வைத்தால் குறையும் அளவு, தண்ணீர் குடித்ததும் திரும்பி வந்துவிடும்.

இந்த மின்னோட்டச் சிகிச்சைகளில் வன்னி மக்கள் சிறப்பாகக் கவனிக்க வேண்டிய விடயம் ஒன்று இருக்கிறது. விலையை விட இதுவே முக்கியம் என்று நினைக்கிறேன். 2009 வரை நடந்த போரின் எறிகணைத் துண்டுகளை, அதாவது செல் துண்டுகளை, இன்றும் உடம்பில் சுமப்பவர்கள் எங்களிடையே பலர். அது முதுகிலா தொடையிலா என்று பிள்ளைகளுக்குக்கூடச் சரியாகச் சொல்லாமல் வாழ்பவர்கள் இருக்கிறார்கள். ஸ்பாவில் தரும் படிவத்தில், உடம்பில் உலோகம் ஏதும் உண்டா என்று ஒரு கேள்வி இருக்கும். சத்திரசிகிச்சையில் வைத்த தகட்டைப் பற்றித்தான் கேட்கிறார்கள் என்று நினைத்து, ஆங்கிலம் தெரிந்த பிள்ளை ‘இல்லை’ என்று அடையாளமிட்டுவிடக் கூடாது. செல் துண்டும் உலோகம்தான். அந்த இடத்தில் மின்னோட்டம் கொடுக்கக் கூடாது. ஆழ அழுத்தி உருவவும் கூடாது. வீட்டில் இருக்கும்போதே அம்மாவிடமும் அப்பாவிடமும் தனித்தனியே கேட்டு, இடத்தை அறிந்து, அதைப் படிவத்தில் எழுதி, மசாஜ் செய்பவருக்குக் கையால் தொட்டும் காட்ட வேண்டும்.

நீரிழிவால் பாதம் விறைத்தவர்களுக்குச் சூட்டின் அளவு தெரியாது. சூடான கல்லில் கால் வெந்த பிறகே கண்டுபிடிப்பார்கள். இரத்த அழுத்தத்துக்குக் குளிசை எடுப்பவர்கள் நீராவி அறையில் இருந்து சட்டென்று எழும்பினால் தலை சுற்றி விழலாம். குருதி உறையாமல் இருக்கக் குளிசை எடுப்பவர்கள் வைத்தியரைக் கேட்காமல் அழுத்தமான மசாஜுக்குப் போகக் கூடாது. நீண்ட விமானப் பயணத்துக்குப் பிறகு ஒரு கால் மட்டும் வீங்கி நொந்தால் அதைப் பிடித்துவிடுவதே ஆபத்து. காலுக்குள் குருதி கட்டியிருக்கக்கூடும் என்பதால் முதலில் கப்பல் வைத்தியரிடம் காட்ட வேண்டும். செயற்கைக்கால் பொருத்தியவர்கள் அந்த ஈர ஓட்டுத் தரையில் துணையில்லாமல் நடக்க வேண்டாம்.

உண்மையான வருத்தத்துக்கு உண்மையான சிகிச்சை வேண்டுபவர்களுக்கு எந்தக் கப்பலும் கரைக்கு ஈடாகாது. கைதடியில் சித்த போதனா வைத்தியசாலை இருக்கிறது. வடக்கு மாகாண சுதேச மருத்துவத் திணைக்களத்தின் வைத்தியசாலைகள் வன்னியிலும் இயங்குகின்றன. நாரி நோவையும் முழங்கால் வாதத்தையும் அங்கே காட்டினால் ஒரு நாளோடு விட்டுவிடாமல் எண்ணெயும் ஒற்றடமும் உள்மருந்தும் பத்தியமுமாகத் தொடர்ந்து பார்ப்பார்கள், அரச வைத்தியசாலை என்பதால் 187 டொலர் என்று யாரும் கேட்கவும் மாட்டார்கள். பெரியம்மாவும் திரும்பி வந்த பிறகு அந்த வழிக்குத்தான் போனார்.

ஆகவே பெற்றோரோடு கப்பலில் போகும் பிள்ளைக்கு நான் சொல்வது இது. கடலில் ஓடும் நாட்கள் கூடிய, குளிரான பயணம் என்றால், அவர்கள் சம்மதத்தோடு வெப்ப அறைப் பாஸை வாங்குங்கள். துறைமுகங்கள் கூடிய பயணம் என்றால், தளத்தில் இருக்கும் வெந்நீர்த் தொட்டி எல்லாப் பயணிகளுக்கும் இலவசம், அதுவே போதும். மசாஜைக் கரையில் எடுங்கள். கரைக்கு இறங்க இயலாதவர்களுக்கு மட்டும் துறைமுக நாளின் கழிவு விலையில் கப்பல் மசாஜை எடுங்கள். எதையும் அவர்களுக்குச் சொல்லாமல் பரிசாகப் பதிய வேண்டாம்: பதிந்ததைக் கடைசி நேரத்தில் நிறுத்தினால் காசைத் திருப்பித் தருவதில்லை, அம்மாவுக்கு வேண்டாம் என்று இருந்தாலும், கட்டிய காசு வீணாகக் கூடாது என்பதற்காக மனமில்லாமல் போய்ப் படுத்துவிட்டு வருவார்.