மாத்திரை தவறுவது மறதியாலா, மறைப்பதாலா? எச்.ஐ.வி.யோடு வாழும் வளரிளம் பருவத்தினருக்கான வழிகள்: ஓர் ஒப்பீடு

மாத்திரை டப்பாவைக் குலுக்கினால் சத்தம் வரும். விடுதியில் தங்கிப் படித்த பதினாறு வயதுப் பெண் ஒருத்தி, அந்தச் சத்தம் வெளியே கேட்காமல் இருக்க டப்பாவுக்குள் பஞ்சு அடைத்து வைத்திருந்தாள். லேபிளை நகத்தால் சுரண்டி எடுத்திருந்தாள். ஆலோசகராக எதிரே உட்கார்ந்திருந்த நான், "செல்பேசியில் அலாரம் வைத்துக்கொள்ளலாமே அம்மா" என்றேன். "மறந்தால்தானே அக்கா அலாரம்? எட்டு மணி நெருங்கினாலே எனக்கு வயிற்றைக் கலக்குகிறது. அறையில் இன்னும் மூன்று பேர் இருக்கிறார்கள்" என்றாள்.

அன்று எனக்கு உறைத்தது. அதன்பிறகு மருந்தைத் தவறாமல் எடுக்க வைக்கும் வழி என்று யார் எதைச் சொன்னாலும், இது பிள்ளையின் ஒளித்துவைக்கும் பாரத்தைக் குறைக்குமா, கூட்டுமா என்றுதான் முதலில் பார்க்கிறேன். இங்கே நான் வழிகளை எடைபோடுவதும் அந்தத் தராசில்தான்.

அலாரமும் குறுஞ்செய்தியும்

செலவு குறைவு, தொடங்குவது எளிது. அதனால்தான் எல்லோரும் முதலில் இதைக் கையில் எடுக்கிறார்கள். கென்யாவில் பெரியவர்களிடம் நடந்து 2010-இல் வெளியான ஆய்வு ஒன்றில் வாரம் ஒருமுறை "எப்படி இருக்கிறாய்?" என்று மட்டும் குறுஞ்செய்தி போனது. நலம் என்றோ, சிக்கல் என்றோ பதில் அனுப்ப வேண்டும். சிக்கல் என்று வந்தாலும், பதிலே வராவிட்டாலும், செவிலியர் அழைத்துப் பேசுவார். அந்தக் குழுவில் வைரஸ் கட்டுக்குள் வந்தவர்கள் 57 சதவீதம், செய்தி பெறாத குழுவில் 48 சதவீதம். அதே நாட்டில் 2011-இல் வெளியான இன்னோர் ஆய்வில், வாரம் ஒருமுறை நினைவூட்டியது பலன் தந்தது, தினமும் நினைவூட்டியது தரவில்லை. தினமும் ஒலிப்பது சில நாளில் காதில் விழாமல் போய்விடுகிறது.

இரண்டையும் சேர்த்துப் பார்த்தால், வேலை செய்தது செய்தியின் பின்னால் இருந்த மனிதர்தான் என்று எனக்குப் படுகிறது. உகாண்டாவில் 15 முதல் 22 வயது வரை உள்ளவர்களிடம் குறுஞ்செய்தியைச் சோதித்த ஆய்வில் குறிப்பிடத்தக்க பலன் தெரியவில்லை. எனக்கு அது வியப்பாக இல்லை. இந்த வயதில் செல்பேசி பல கைகளுக்குப் போகும். திரையில் 'மருந்து' என்ற சொல் மின்னினால் போதும், அது நினைவூட்டல் அல்ல, காட்டிக்கொடுத்தல். நிஜமாகவே மறந்துபோகும் பிள்ளைக்கு அலாரம் நல்லது. அதற்கு மேல் அதனிடம் எதிர்பார்க்க ஒன்றுமில்லை.

வீட்டார் கண்முன் விழுங்குவது

பத்து, பதினோரு வயது வரை இதற்கு ஈடு எதுவும் இல்லை. பாட்டியோ சித்தியோ தண்ணீர் டம்ளரோடு நிற்கிறார்கள், பிள்ளை விழுங்குகிறது, வாய் திறந்து காட்டுகிறது. பதின்மூன்றைத் தாண்டியபின் அதே டம்ளர் சந்தேகத்தின் அடையாளமாகிவிடுகிறது.

மாத்திரைகளை எண்ணிப் பார்ப்பதும் இப்படித்தான். மருத்துவமனைக்கு வரும் நாளன்று காலையில் மிச்சம் இருப்பதைக் கழிப்பறையில் கொட்டிவிட்டு, கணக்கைச் சரியாக்கிக்கொண்டு வரும் பிள்ளைகள் உண்டு. எண்ணிக்கை அச்சுப்பிசகாமல் இருக்கும், ரத்தத்தில் வைரஸ் அளவோ ஆயிரக்கணக்கில் இருக்கும். பொய் சொன்னான் என்று கோபப்படும் முன், உண்மையைச் சொல்லியிருந்தால் நாம் என்ன செய்திருப்போம் என்று கொஞ்சம் யோசிக்க வேண்டும். திட்டியிருப்போம். அது அவனுக்குத் தெரியும்.

இந்த வழி எங்கே அடியோடு தோற்கிறது என்றால், பிள்ளைக்கு நோயின் பெயரே சொல்லப்படாத வீடுகளில். "சத்து மாத்திரை" என்று சொல்லி வளர்த்த பிள்ளை, உடம்பு நன்றாகத்தானே இருக்கிறது என்று பதினான்கு வயதில் நிறுத்திவிடும். அதன் கணக்குப்படி அது சரிதான். பள்ளி வயதுப் பிள்ளைகளிடம், 12 வயதுக்குள், படிப்படியாக உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2011-லேயே வழிகாட்டியது. சொல்லாமல் வைத்துக்கொண்டு மேற்பார்வையை மட்டும் கூட்டுவது, கண்ணைக் கட்டிவிட்டு நேராக நட என்பது போல.

அதே மாத்திரையைப் போடும் அண்ணன், அக்கா

ஜிம்பாப்வேயின் ஹராரேயில் 2004-இல் 'ஸ்வாண்டிரி' என்ற அமைப்பு தொடங்கியது. ஷோனா மொழியில் அதற்கு 'நான் இருக்கிறபடி' என்று பொருள். எச்.ஐ.வி.யோடு வாழும் 18 முதல் 24 வயது வரையிலான இளைஞர்களுக்குப் பயிற்சி தந்து, தங்களைவிடச் சின்னவர்களுக்குத் துணையாக அனுப்புகிறார்கள். இவர்களைத்தான் இங்கே துணைவர் என்கிறேன். வீட்டுக்குப் போவது, சிகிச்சை மையத்துக்குக் கூட வருவது, குழுவாகக் கூடுவது எல்லாம் இதில் அடக்கம். அந்நாட்டின் இரண்டு மாவட்டங்களில் 13 முதல் 19 வயது வரையிலானவர்களிடம் நடந்த சோதனையின் முடிவு 2020-இல் வெளியானது. ஏறத்தாழ இரண்டு ஆண்டு முடிவில் வைரஸ் கட்டுக்குள் இல்லாதவர்கள் அல்லது இறந்துவிட்டவர்கள், வழக்கமான கவனிப்பு பெற்ற குழுவில் 36 சதவீதம், துணைவர் இருந்த குழுவில் 25 சதவீதம். நூற்றில் பதினோரு பிள்ளைகள். இந்தத் துறையில் அது பெரிய வித்தியாசம்.

நான் நூறு முறை சொன்னாலும் எடுபடாத ஒன்று, அதே மாத்திரையைப் போடும் இருபது வயது அண்ணன் ஒருமுறை சொன்னால் எடுபடுகிறது. மாத்திரை போட்டுக்கொண்டே வேலைக்குப் போகலாம், காதலிக்கலாம், கல்யாணம் செய்துகொள்ளலாம் என்பதற்கு அவனே சாட்சியாக நிற்கிறான். தவறாமல் மருந்து எடுத்து, பரிசோதனையில் வைரஸ் தென்படாத நிலை தொடர்ந்து இருந்தால், உடலுறவு வழியாக இன்னொருவருக்குத் தொற்றாது. இந்த வயதுக்காரர்களுக்கு இதைவிடப் பெரிய செய்தி கிடையாது, ஆனால் பெரியவர்கள் நாம் அதைச் சொல்லக் கூச்சப்படுகிறோம்.

பஞ்சு அடைத்த டப்பாவுக்கும் ஓர் அக்காதான் வழி சொன்னாள். அவள் முதலில் கேட்டது, "ஏன் எட்டு மணி?" என்பது. முன்பு பரவலாகக் கொடுத்த எஃபாவிரென்ஸ் என்ற எச்.ஐ.வி. மருந்து, தலைசுற்றலும் கெட்ட கனவும் தரும் என்பதால் படுக்கப் போகும்போது எடுக்கச் சொன்னார்கள். இப்போது பெரும்பாலோர் எடுப்பது டோலுடெக்ராவிர் சேர்ந்த ஒரே மாத்திரை. சாப்பாட்டோடும் எடுக்கலாம், இல்லாமலும் எடுக்கலாம். காலை, மாலை எதுவும் சரி. பிள்ளைக்குத் தனிமை கிடைக்கும் நேரம்தான் மருந்தின் நேரம். அந்தப் பெண் அதிகாலையில் குளிக்கப் போகும்போது ஒரே ஒரு மாத்திரையைத் துண்டில் முடிந்து எடுத்துப்போகத் தொடங்கினாள். இரும்பு, கால்சியம் மாத்திரைகளோ அமில முறிவு மருந்தோ எடுப்பவர்கள் மட்டும் நேர இடைவெளியை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும்.

குறை இல்லாத வழி அல்ல இது. துணைவரும் இளைஞர்தான். அவருக்கும் சம்பளம் வேண்டும், ஓய்வு வேண்டும், மனம் தளரும்போது பேச ஆள் வேண்டும். சேவை மனப்பான்மை என்று சொல்லி இலவசமாக வேலை வாங்கும் இடங்களில் ஓராண்டுக்குள் ஆள் மாறிவிடுகிறது. பிள்ளைக்கு அது இன்னோர் இழப்பு. அடையாளம் தெரிந்துவிடும் என்ற அச்சமும் உண்டு: இவரோடு பேசினாலே இன்னதுதான் என்று ஊர் புரிந்துகொள்ளும் இடத்தில், வீட்டுக்கு வருவதைவிட வெளியே சந்திப்பது நல்லது.

மாத்திரையே வேண்டாம் என்றால்: ஊசி

கபோடெக்ராவிர், ரில்பிவிரின் என்ற இரண்டு மருந்துகளை இரண்டு மாதத்துக்கு ஒருமுறை இடுப்புக்குக் கீழே ஊசியாகப் போடும் முறையை, 12 வயது நிரம்பிய, குறைந்தது 35 கிலோ எடை உள்ளவர்களுக்கு அமெரிக்கா 2022-இல் அனுமதித்தது. 2025-இல் உலக சுகாதார நிறுவனமும் இதை மாற்று வழியாகப் பரிந்துரைத்தது. ஆண்டுக்கு 365 மாத்திரைகளுக்குப் பதில் ஆறு வருகைகள். டப்பா இல்லை, சத்தம் இல்லை, பஞ்சு இல்லை. என் தராசில் இதுதான் கனமாக நிற்க வேண்டும்.

ஆனால் அந்தப் பரிந்துரை ஏற்கெனவே வைரஸ் கட்டுக்குள் இருப்பவர்களுக்கு. மாத்திரையோடு போராடிக்கொண்டிருக்கும் பிள்ளைதான் ஊசிக்கு ஏங்குகிறது, அதுதான் வாசலில் நிறுத்தப்படுகிறது. மாத்திரை எடுக்க முடியாமல் தவிப்பவர்களுக்கும் ஊசி உதவும் என்று பெரியவர்களிடம் நடந்த ஆய்வு காட்டியிருக்கிறது, அதனால் இந்த வாசல் அகலும் என்ற நம்பிக்கை எனக்கு உண்டு. இன்னொரு சிக்கல், தவறினால் வரும் விளைவு. ஊசி மருந்து உடலில் மாதக்கணக்கில், சிலருக்கு ஓராண்டுக்கும் மேல், மெல்ல மெல்லக் குறைந்துகொண்டே கிடக்கும். அந்த அரைகுறை அளவில்தான் வைரஸ், மருந்தை எதிர்த்து நிற்கப் பழகிக்கொள்கிறது. டோலுடெக்ராவிர் மாத்திரை ஒருநாள் தவறினால் அவ்வளவு எளிதில் கைவிடாது. போதாததற்கு, ரில்பிவிரினைக் குளிர்பெட்டியில் வைக்க வேண்டும், விலையும் கிடைப்பதும் எங்கும் ஒன்றுபோல் இல்லை. ஹெபடைடிஸ் பி என்ற கல்லீரல் தொற்றும் இருப்பவர்களுக்கு இது மட்டும் போதாது.

வார இறுதியில் இரண்டு நாள் மாத்திரைக்கு விடுமுறை தரும் முறையும் ஒன்று உண்டு. 11 நாடுகளில் 199 இளையோரிடம் சோதித்து, 48 வாரம் வரை கட்டுப்பாடு குலையவில்லை என்று 2016-இல் வெளியானது. அவர்கள் எஃபாவிரென்ஸ் எடுத்தவர்கள், முன்பே வைரஸ் கட்டுக்குள் இருந்தவர்கள், அடிக்கடி பரிசோதிக்கப்பட்டவர்கள். இதைப் படித்துவிட்டு யாரும் தாமாகச் சனிக்கிழமை மருந்தை நிறுத்திவிடக் கூடாது.

நான் தேர்ந்தெடுப்பது

துணைவர் முதலில். அவர் கண்டுபிடித்துச் சொல்லும் சிக்கலைப் பொறுத்து மற்றவை. மறதி என்றால் அலாரம். பசியும் பஸ் கட்டணமும் என்றால் பணம்: உகாண்டாவில் சேமிப்புக் கணக்கு தொடங்கிக் கொடுத்தபோது வைரஸ் கட்டுப்பாடு மேம்பட்டது. ஒளித்துவைக்க இடமே இல்லை, ஆனால் தேதி தவறாமல் வர முடியும் என்றால், கிடைக்கும் இடத்தில் ஊசி.

பெரியவர்களுக்கான பிரிவுக்கு மாறும் நாளில் இவை எல்லாம் ஒரே மூச்சில் அறுந்துவிடுகின்றன. புது வரிசை, புது மருத்துவர், வழக்கமாகச் சிரிக்கும் செவிலியர் அங்கே இல்லை. மாற்றுவதற்கு ஆறு மாதம் முன்பே பிள்ளையை ஒருமுறை அங்கே கூட்டிப்போய்க் காட்டிவிட்டு வாருங்கள். மாறியபின் முதல் மூன்று வருகைகளுக்காவது அதே துணைவர் கூடப் போகட்டும். வைரஸ் அளவுப் பரிசோதனையின் தேதி விட்டுப்போகாமல் இருக்க, பழைய சீட்டின் நகல் ஒன்று அவர் கையிலும் இருக்கட்டும்.