கேஸ்ட்ரிக் பைபாஸ் ஆபரேஷனுக்குப் பின் கால்சியம் சிட்ரேட்: வருடக்கணக்கில் எடுத்தால் தெரிவது

மெடிக்கலில் "கால்சியம் மாத்திரை" என்று மட்டும் கேட்டால் பெரும்பாலும் கைக்கு வருவது கார்பனேட். எடை குறைக்க இரைப்பையைச் சுருக்கும் கேஸ்ட்ரிக் பைபாஸ் செய்தவர்களுக்கு அது சரிப்படாது. கார்பனேட் கரைய அமிலம் வேண்டும். சுருங்கிய இரைப்பையில் அமிலம் சொற்பம். போதாததற்கு முதல் சில மாதங்கள் அமிலத்தைக் குறைக்கும் பான்டோப்ரசோல் மாத்திரை வேறு. கால்சியத்தை நன்றாக உறிஞ்சும் முன்சிறுகுடலைத் தொடாமலே சாப்பாடு இறங்கிவிடுகிறது. சிட்ரேட்டுக்கு அமிலம் தேவையில்லை. வெறும் வயிற்றிலும் போடலாம், மலச்சிக்கலும் குறைவு.

குறை, மாத்திரை எண்ணிக்கைதான். அட்டையில் "கால்சியம் சிட்ரேட் 1000 மி.கி." என்றிருந்தால் அதில் கால்சியம் 21 சதவீதம், அதாவது 210 மி.கி. மட்டுமே. ஏமாறுவது இங்கேதான். உணவையும் சேர்த்து நாளுக்கு 1200 முதல் 1500 மி.கி. வேண்டும். இரண்டு டம்ளர் பாலோ தயிரோ (400 மில்லி) சுமார் 480 தரும். மீதிக்கு நான்கு மாத்திரை. ஒரே வேளையில் 500, 600 மி.கி. கால்சியத்துக்கு மேல் போட்டால் வீண், அதனால் இரண்டிரண்டாகப் பிரிக்க வேண்டும். இரும்பு மாத்திரைக்கு 2 மணி நேரமும் தைராய்டு மாத்திரைக்கு 4 மணி நேரமும் இடைவெளி விட்டால், காலை 11 மணியும் இரவும்தான் வசதிப்படுகிறது. கூடவே வைட்டமின் டி3 தினமும் 3000 யூனிட். ரத்தத்தில் வைட்டமின் டி அளவு 30-ஐத் (ng/mL) தாண்டும் வரை குறைக்கக் கூடாது.

ரத்தக் கால்சியம் நார்மல் என்று நிம்மதியாக இருப்பது பெரிய தப்பு. பாராதைராய்டு ஹார்மோன் எலும்பைக் கரைத்தாவது அந்த எண்ணைக் காப்பாற்றிவிடும். பார்க்க வேண்டியது அந்த ஹார்மோனின் அளவை, அதாவது பி.டி.ஹெச். அதிலும் ஒரு சிக்கல்: முடி கொட்டுகிறதென்று போடும் பயோட்டின், சில லேப் முறைகளில் பி.டி.ஹெச்.சைக் குறைத்தும் வைட்டமின் டி-யைக் கூட்டியும் காட்டும். பரிசோதனைக்கு இரண்டு மூன்று நாள் முன்பே நிறுத்திவிடுங்கள்.

எடை குறைவது நின்ற பிறகும் எலும்புத் தேய்மானம் நிற்பதில்லை, குறிப்பாக இடுப்பில். இரைப்பையை மட்டும் வெட்டிச் சிறிதாக்கும் ஸ்லீவ் ஆபரேஷனில் இது பைபாஸைவிடக் குறைவு. மாத்திரை மட்டும் இதைத் தடுக்காது. எடை தூக்கும் பயிற்சியும் தினம் 60 கிராமுக்குக் குறையாத புரதமும் வேண்டும். இரண்டாம் வருடம் எலும்பின் அடர்த்தியைப் பார்க்கும் டெக்ஸா ஸ்கேன் எடுக்க வேண்டும். எலும்பு மருந்து தேவைப்பட்டால், வாயால் போடும் அலெண்ட்ரோனேட் சிறிய இரைப்பையில் புண் உண்டாக்கலாம் என்பதால் ஜொலெட்ரானிக் ஆசிட் ஊசியே பொருந்தும். அதற்கு முன் வைட்டமின் டி சரியாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் கால்சியம் சரிந்து விரல் மரத்து, தசை இழுத்துக்கொள்ளும்.