கணப்புத் தொட்டி: டிரம்மா, தடித்த தகடா, எவர்சில்வரா?

கோத்தகிரிப் பக்கம் முற்றத்தில் தீ மூட்டிக் குளிர்காய இரும்புத் தொட்டி வேண்டுமென்றால் மூன்று வழிகள் உண்டு. 200 லிட்டர் டிரம்மைப் பாதியாக அறுத்துக்கொள்ளலாம், 5 மி.மீ. இரும்புத் தகடு வாங்கி வெல்டிங் பட்டறையில் கொடுக்கலாம். பணம் தாராளமாக இருந்தால் எவர்சில்வரில் செய்யலாம். நான் தகட்டில் செய்துகொண்டவன். ஆகவே இதை நடுநிலைத் தீர்ப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

விலையில் டிரம்தான் வெல்லும், அதில் பேச ஒன்றுமில்லை. அனலிலும் பெரிய குறை கிடையாது. மெல்லிய தகடு சீக்கிரம் சூடேறிப் பக்கவாட்டிலும் அனல் வீசும். தடித்த தகடு சூடேற நேரம் பிடிக்கும். தீ அடங்கிய பிறகும் சூட்டை விடாது.

எத்தனை காலம் உழைக்கும் என்பதில்தான் விஷயமே இருக்கிறது. தொட்டியைத் தீ தின்றுவிடும் என்று பலரும் பயப்படுகிறார்கள். மலையில் அதைத் தின்பது ஈரச் சாம்பல். பூசிய பெயிண்ட் சில இரவுகளிலேயே எரிந்துபோய் இரும்பு வெறுமையாகிறது. மறுநாள் மேகம் இறங்குகிறது. சாம்பலில் உள்ள உப்புகள் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ள, மேலே காய்ந்தாற்போலத் தெரிந்தாலும் தகட்டோடு ஒட்டிய அடிச்சாம்பல் நசநசத்தே கிடக்கும். சமவெளியில் ஒரு வெயிலில் காய்ந்துவிடும். இங்கே ஜூலைச் சாரலிலும் அக்டோபர், நவம்பர் மழையிலும் எந்த வெயிலை நம்புவது? துரு அடியிலிருந்து கிளம்பி மேலே ஏறும். டிரம்மின் தகடு ஏறத்தாழ 1 மி.மீ. தடிமன்தான், இரு பக்கமும் செதில் செதிலாக உதிர்ந்தால் மிஞ்சுவது சல்லடை. 5 மி.மீ. தகட்டிலும் துரு ஏறத்தான் செய்கிறது. அரித்துத் தீர்க்க அங்கே இரும்பு நிறைய இருக்கிறது, அவ்வளவே.

தடிமன் மட்டும் போதாது. அடித்தகட்டைச் சுவரோடு பற்றவைக்கவே கூடாது என்பது என் கட்சி. பட்டறைக்காரர்கள் சுற்றிலும் பற்றவைத்துத்தான் தருவேன் என்பார்கள். அதுதான் உறுதி என்பது அவர்கள் வாதம். தண்ணீர்த் தொட்டிக்கு அது சரி. 70 செ.மீ. தகடு 500 டிகிரி சூடேறினால் 4 மி.மீ.க்கு மேல் விரியும். விரிய இடமில்லாவிட்டால் நடுவில் உப்பும், இல்லையேல் பற்றவைத்த இடம் விரிசல் விடும். உப்பிய தகட்டின் ஓரத்தில் மழைநீர் தேங்கும். மறுபடியும் அதே ஈரச் சாம்பல் கதை. அதனால் சுவரின் உட்புறத்தில் ஆங்கிள் (L வடிவ இரும்புப் பட்டை) துண்டுகளைப் பற்றவைக்கச் சொல்லி, அடித்தகட்டை இரு பாதிகளாக அறுத்து, சுற்றிலும் 5 மி.மீ. இடைவெளி விட்டு அவற்றின்மேல் வெறுமனே கிடத்தியிருக்கிறேன். நீர் வடியத் துளைகள் உண்டு. ஒரு பாதியைத் தூக்கினால் சாம்பல் கீழே விழுந்துவிடும். நாளை அது அரித்துப்போனாலும் அந்தப் பாதியை மட்டும் மாற்றினால் போதும். டிரம்மில் அடி போனால் தொட்டியே போயிற்று.

வட்டமாகத்தான் வேண்டும் என்று அடம்பிடிக்காதீர்கள். 5 மி.மீ. தகட்டை வட்டமாக வளைக்க ரோலிங் மெஷின் வேண்டும். அதற்காகக் கோவைக்கு இறங்கி ஏற வேண்டியிருக்கும். 40 செ.மீ. அகலம், 35 செ.மீ. உயரத்தில் ஆறு துண்டுகளை வெட்டி அறுகோணமாகப் பற்றவைப்பதை எந்தப் பட்டறையும் செய்யும். இந்தத் தடிமனில் ஒரு சதுர மீட்டர் தகடு 39 கிலோ. அடியும் சுவரும் சேர்ந்து ஏறக்குறைய 50 கிலோ ஆகும். ஆகவே இடத்தை முதலிலேயே முடிவுசெய்துவிடுங்கள். 15 செ.மீ. உயரக் கால்கள் அவசியம். அடியில் காற்று போனால்தான் தகடு காயும். காற்றுத் துளைகளை அடித்தகட்டுக்குச் சற்று மேலே சுவரில் போட வேண்டும். காய்ந்த கற்பூர மர (யூகலிப்டஸ்) விறகுக்கு அது போதும். ஈரச் சீகை (வாட்டில்) விறகுக்கு எந்தத் துளையும் உதவாது, புகைதான். மழைக்கு ஒரு தகரமூடி, பழைய கூரை ஷீட்டானாலும் சரி.

ஆனால் அந்த ஷீட்டையே வளைத்துத் தொட்டியாக்க வேண்டாம். அதன்மேல் உள்ள துத்தநாகப் பூச்சு 420 டிகிரியில் உருகும். அதன் புகை காய்ச்சலில் கொண்டுபோய் விடும். டிரம் வாங்குகிறவர்களும் சமையல் எண்ணெய் டிரம்மாகப் பார்த்து வாங்குங்கள். பெயிண்ட் தின்னர் இருந்த டிரம்மை அறுத்தால் வெடிக்கக்கூடும்.

எவர்சில்வரை நான் வைத்துப் பழகியதில்லை. தெரிந்தவர் வீட்டில் பார்த்ததுதான். துருவில் அது நிச்சயம் மேல். ஆனால் 304 ரகம் சாதாரண இரும்பைவிட 40 சதவீதம் கூடுதலாக விரியும், சூட்டைப் பரப்பவும் செய்யாது. அதனால் தீ எரியும் இடத்தில் மட்டும் சூடேறி நெளியும். நான் பார்த்த 2 மி.மீ. தொட்டி நெளிந்து நீலமும் பழுப்புமாக நிறம் மாறியிருந்தது. ஓட்டை மட்டும் விழவில்லை. துருவே காப்பாகிவிடும் என்று விற்கப்படும் கார்ட்டென் (Corten) இரும்புக்கு நனைவதும் காய்வதும் மாறிமாறி வேண்டும். காயாத ஊரில் அதற்குக் கூடுதல் காசு கொடுப்பானேன்?

வாடகை வீட்டுக்காரர்களுக்கு டிரம்மே சரி. காலி செய்யும்போது 50 கிலோவைச் சுமக்க வேண்டாம். அடியில் துளை போட்டு, செங்கல்மேல் தூக்கி வைத்து, மறுநாள் காலை சாம்பல் ஆறியதும் அள்ளிவிடுங்கள்.